ஒரு பிடி உறை

எலிக்கெல்லாம் மனசு இருக்குமா டாக்டர் என்று கேட்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தலை நரைக்கும் வரை எலிகளோடு குப்பை கொட்டியவள் நான். கால்நடை மருத்துவம் படித்துவிட்டு மாடு பார்க்கப் போயிருந்தால் ஊரில் நாலு பேர் கும்பிட்டிருப்பார்கள். எலி பார்க்க வந்தேன். 'பிரகதாம்பாள் என்ன பண்றா?' என்று புதுக்கோட்டையில் யாராவது கேட்டால் என் அக்கா 'ஏதோ ரிசர்ச்' என்று பேச்சை மாற்றிவிடுவாள். கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை, எலியும் வளர்க்கிறாள் என்று எப்படிச் சொல்வாள், பாவம்.

நான் வேலை பார்க்கும் கம்பெனி நெல்லைக்கு வடக்கே, நான்குவழிச் சாலையை ஒட்டிய பொட்டலில் இருக்கிறது. சுற்றிலும் காற்றாலைகள். கம்பெனி கட்டுவது வீடு. ஒரே ஒரு ஆளுக்கான வீடு. 'தனிக்கூடம்' என்று பெயர். அதுவே சமைக்கும், கூட்டும், துடைக்கும். வாரம் ஒருமுறை தன்னைத்தானே கழுவிக்கொண்டு, தலையணை உறையிலிருந்து ஃபிரிட்ஜ் வரை எல்லாவற்றையும் புதிதாக்கிவிடும். பிள்ளைகள் தூரதேசத்தில் இருக்க, ஊரில் தனியாகக் கிடக்கும் பெரியவர்களுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். அனுமதி கொடுக்க வேண்டிய குழு ஒரு நிபந்தனை போட்டது. ஓர் உயிரை இப்படித் தனியாக வைத்தால் அதற்குக் கேடில்லை என்று முதலில் விலங்கில் நிரூபிக்க வேண்டும். அதற்காகத்தான் எலி, எலிக்காகத்தான் நான்.

நிரூபிப்பதற்கு எங்களிடம் நடுக்கமானி இருந்தது. அரிசி மணி அளவுக்கு ஒரு சில்லு. தோலுக்கு அடியில் வைத்துவிட்டால் இதயத் துடிப்பு, உடம்புச் சூடு, ரத்தத்தில் ஓடும் பயம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒரே எண்ணாகச் சொல்லும். பூஜ்யம் என்றால் பரம நிம்மதி. நூறு என்றால் பூனையின் வாயில் இருக்கிறது என்று அர்த்தம். மனிதர்களுக்கு அதையே மணிக்கட்டில் கட்டினார்கள்.

வளாகத்துக்குள்ளேயே மாதிரிக்காகக் கட்டிய முதல் தனிக்கூடத்தில் நான்தான் குடியிருந்தேன். என் எண் பதினைந்தைத் தாண்டியதே இல்லை. இந்த வயசில் ஒண்டியாக என்ன செய்வாய் என்று அங்கலாய்க்கும் அக்காவுக்கு அதைப் படம் பிடித்து அனுப்புவேன். உனக்கு எத்தனை, ஒரு நாள் வந்து கட்டிப் பாரேன் என்று எழுதுவேன். வீடு நிறையப் பேரோடு இருக்கிற அவள் அதற்கு மட்டும் பதில் போடமாட்டாள். எனக்குப் பெருமை தாங்காது.

ஒரு நாள் திட்டத் தலைவர் ஹரிகேசவன் என் அறைக்கு ஓடி வந்தார். நாற்பது வயசு, நல்ல மனுஷர், ஆனால் எதையும் நின்று பேசத் தெரியாது.

"மேடம், ரிசல்ட் பாத்தேளா? அஞ்சு எலி சேர்ந்து இருக்கற கூண்டுல சராசரி பதினெட்டு. வெறுங்கூண்டுல தனியா இருக்கறதுக்கு அம்பது. ஆனா பஞ்சு, சக்கரம், ஒளிஞ்சுக்க குடுவை எல்லாம் குடுத்துத் தனியா வெச்சோமே, செழிப்புக் கூண்டு, அதுக்கும் அதே பதினெட்டு! அப்போ தனிமை ஒரு பிரச்சினையே இல்ல. வசதி இல்லாததுதான் பிரச்சினை."

"ஹரி, இது பூரா பெண் எலி. ஆணைச் சேர்த்து வெச்சா கடிச்சுக் குதறிக்கும். பெண் எலி ஒண்ணு மேல ஒண்ணு ஏறிப் படுத்துத் தூங்கற ஜாதி. நமக்கு இதமா இருக்கற ஏசி அதுக்குக் குளிர். துணையில்லாம நிம்மதியா இருக்கேன்னு எலியே வந்து சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்."

"எலியேதான் மேடம் சொல்றது."

நான் திரையைப் பார்த்தேன். பதினெட்டு என்றுதான் இருந்தது.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கோவிச்சுக்காதேள். அம்மா ஸ்ரீரங்கத்துல ஒண்டியா இருக்கா. போன மாசம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா. எதிர்த்தாத்து மாமி எட்டிப் பாக்கற வரைக்கும் அப்படியே கிடந்திருக்கா. எங்க ஃப்ளாட்டுக்குக் கூட்டிண்டு வந்தா ரெண்டே நாள்ல ஊருக்கு ஓடிடறா. அனுமதி கிடைச்சதும் விக்கற முதல் தனிக்கூடம் அவளுக்குத்தான்னு சொல்லி வெச்சிருக்கேன். விழுந்தா அந்த வீடே தூக்கி உட்கார வெக்கும். உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

இப்படிச் சொன்னால் ஒருத்தியால் என்ன செய்ய முடியும்? கூண்டு மாற்றுகிற நாளன்று கூடவே நின்று ஒருமுறை பார்த்துவிடுகிறேன், அப்புறம் போடுகிறேன் என்றேன்.

கூண்டு மாற்றுவது மரியபுஷ்பத்தின் வேலை. மணப்பாட்டுக்காரி. கேன்டீனுக்குப் பின்னால் இருந்த பெண்கள் விடுதியில் இன்னும் நாலைந்து பேரோடு ஓர் அறையில் இருந்தாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. எலியை வாலைப் பிடித்துத் தூக்கமாட்டாள். குழாயை நீட்டி, அது தானாக ஏறியதும் அப்படியே புதுக் கூண்டில் இறக்குவாள். அப்புறம் உறை போடுவாள்.

உறை என்பது நான் வைத்த பெயர். எலிக்கு வீடு என்றால் வாசனைதான். கூண்டைப் பளிச்சென்று கழுவி மாற்றினால் அதற்கு ஊர் தெரியாத ஊரில் இறக்கிவிட்ட மாதிரி ஆகிவிடும், எண் எகிறும். அதனால் பழைய பஞ்சில் ஒரு பிடி எடுத்துப் புதுப் பஞ்சோடு வைக்க வேண்டும். இதை நான் வந்த புதிதில் எவ்வளவு விளக்கியும் யார் மண்டையிலும் ஏறவில்லை. கடைசியில், "பாலுக்கு உறை ஊத்தற மாதிரிம்மா. பழசுலேருந்து கொஞ்சம் புதுசுல. அவ்வளவுதான்" என்றேன். அன்றிலிருந்து எல்லோரும் ஒழுங்காக உறை போட்டார்கள்.

புஷ்பம் ஒரு செழிப்புக் கூண்டைத் திறந்தாள். காதில் இரண்டு துளை போட்ட வெள்ளை எலி. பெயர் வைக்கக் கூடாது என்பது விதி. இவள் அதற்குச் சின்னத்தாயி என்று பெயர் வைத்திருந்தாள். பழைய பஞ்சை முகர்ந்து பார்த்து மூஞ்சியைச் சுளித்தாள். அதை அப்படியே குப்பையில் போட்டுவிட்டு, பக்கத்துக் கூண்டைத் திறந்து அதிலிருந்து ஒரு பிடி பஞ்சை எடுத்துச் சின்னத்தாயிக்கு வைத்தாள்.

"ஏய் புஷ்பம்! என்ன பண்றே?"

"உறை போடுதேம்மா."

"அது பக்கத்துக் கூண்டோடது!"

"ஆமா. இது பூரா மூத்திரம், புளிச்சுப் போச்சு. புளிச்ச உறையப் போட்டா தயிரு நல்லாவா இருக்கும்? அதான் பக்கத்து வீட்ல வாங்கிக்கிட்டேன்."

"எப்பலேருந்து இப்படி?"

"மொதல்ல இருந்தே இப்பிடித்தான். எல்லாரும் அப்பிடித்தான் செய்யுதோம். நீங்கதான உறைன்னு சொன்னிய? உறைன்னா நம்ம கிட்ட இல்லாட்டிப் பக்கத்துல வாங்குறதுதான? நீங்க மட்டும் வாரா வாரம் கிண்ணத்தத் தூக்கிட்டு எங்க ரூமுக்கு வாரியள்லா?"

வாரா வாரம் கிண்ணத்தோடு போவது உண்மைதான். என் வீடு தன்னைக் கழுவிக்கொள்ளும்போது ஃபிரிட்ஜில் திறந்து வைத்த பாத்திரத்தையெல்லாம் காலி செய்துவிடும், மிச்சத் தயிரும் போய்விடும். கடைத் தயிர் எனக்கு ஆகாது. அதனால் சாயங்காலம் புஷ்பத்தின் அறை வாசலில் போய் நின்று, கொஞ்சம் உறை மோர் கொடு என்பேன். கட்டிலில் துணியை ஒதுக்கி உட்கார வைப்பார்கள். யாராவது அவித்த வேர்க்கடலையை நீட்டுவார்கள். எலி டாக்டரம்மாவுக்கு மீசை முளைக்கிறதா பார் என்று ஒருத்தி கிண்டலடிப்பாள். உறை வாங்க ஒரு நிமிஷம் போதும். நான் திரும்பும்போது விளக்கு வைக்கும் நேரம் ஆகியிருக்கும்.

ஹரிகேசவனிடம் போய்ச் சொன்னேன். "செழிப்புக் கூண்டு எலி எதுவுமே தனியா இல்ல ஹரி. ஒவ்வொண்ணுக்கும் வாரா வாரம் பக்கத்து எலி ஒரு பிடி போயிருக்கு. வெறுங்கூண்டுல பஞ்சே கிடையாது, அதனால அதுக்கு உறையும் கிடையாது. மறுபடி பண்ணணும். அவங்கவங்க பஞ்சு அவங்கவங்களுக்கு மட்டும்."

அவர் முகம் வாடிவிட்டது. ஆனால் மறுக்கவில்லை.

மறுபடி செய்தோம். கடன் வாங்கிய பஞ்சு நின்றது. சக்கரம் இருந்தது, குடுவை இருந்தது, மெத்தை மாதிரிப் புதுப் பஞ்சு இருந்தது. எண் மட்டும் இருபத்தைந்து, முப்பத்தெட்டு, ஐம்பது என்று ஏறிக்கொண்டே போனது. சின்னத்தாயி கூடு கட்டுவதை விட்டாள். பஞ்சு ஒரு மூலையில் கிடக்க, இவள் எதிர் மூலையில் உட்கார்ந்து தன் முன்னங்கால் மயிரைத் தானே பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிரூபிப்பதற்காக நான்தான் அவளை அப்படி உட்கார வைத்திருந்தேன். கண்ணாடியைத் துடைப்பது போலத் திரும்பி நின்றுகொண்டேன்.

"பாவம்மா, ஒரே ஒரு பிடி போட்டிரட்டா?" என்று புஷ்பம் கேட்டாள்.

"போடாதே" என்று கத்தினேன். அவள் என்னை அதற்குமுன் அப்படிப் பார்த்ததில்லை.

இதோடு திட்டம் மூடப்பட்டுவிடும் என்று நினைத்தேன். என்னைப் போல அசடு உண்டா? ஹரிகேசவன் சில வாரங்கள் கண்ணிலேயே படவில்லை. பிறகு உள்ளங்கை அகலத்தில் ஒரு டப்பாவோடு வந்தார்.

"மேடம், உங்களுக்குத்தான் முதல் நன்றி. எலிக்குத் துணை வேண்டாம், துணையோட வாசனை போதும்னு நீங்கதானே கண்டுபிடிச்சேள்? அந்த வாசனையை அப்படியே நகல் எடுத்துக் காத்துல விடறோம். எலிக்குப் போட்டுப் பாத்தாச்சு. பதினெட்டு! இதுக்குப் பேர் என்ன தெரியுமா? உறை!"

"ஹரி..."

"மனுஷாளுக்கும் பண்ணியாச்சு. உங்க வீட்லதான் முதல்ல மாட்டறோம். புஷ்பம் கட்டின பழைய புடவை ஒண்ணைக் கேட்டு வாங்கி வாசனை எடுத்திருக்கோம். அப்புறம் இன்னொண்ணு. உங்க வீட்டு ஃபிரிட்ஜ் தயிரைக் கொட்டிடறதாமே? அதையும் சரி பண்ணிட்டேன். இனிமே உறைக்கு ஒரு கரண்டி எடுத்து அதுவே பத்திரமா வெச்சுக்கும். நீங்க கிண்ணத்தைத் தூக்கிண்டு யாராத்து வாசல்லயும் போய் நிக்க வேண்டாம்."

எனக்கு நல்லது செய்துவிட்டதாக அவர் மனதார நம்பினார். நான் என்ன சொல்ல? ரொம்ப சந்தோஷம் என்றேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்ததும் தேங்காய் எண்ணெயும் குட்டிக்குரா பவுடரும் அடிநாதமாகக் கொஞ்சம் கருவாடும் சேர்ந்து வந்தது. அச்சு அசல் புஷ்பம். என்னையறியாமல், "வா புஷ்பம், எப்ப வந்தே?" என்று சொல்லிவிட்டேன். உள்ளே யாரும் இல்லை. நாற்காலி, மேஜை, மடித்து வைத்த போர்வை. சொன்ன வார்த்தையை என்ன செய்வது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன்.

அடுத்தடுத்த நாட்களிலும் அப்படித்தான். அடுப்படியில் நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் ஆள் இருப்பது போலவே இருக்கும். திரும்பினால் இருக்காது. என் எண் மட்டும் ஜம்மென்று பதினான்கில் நின்றது. கம்பெனியே அதைப் பார்த்துக் கொண்டாடியது.

ஒரு சாயங்காலம் விடுதிப் பக்கம் நடந்தேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். புஷ்பம் வந்து என்னம்மா வேணும் என்று கேட்டால் என்ன சொல்வது? எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. கையில் கிண்ணம் இல்லாமல் ஒரு வீட்டு வாசலில் நிற்க எனக்குத் தெரியாது, பழகவே இல்லை. தூக்கிய கையால் புடவையைச் சரிசெய்துகொண்டு திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து, அவள் வாசனைக்கு நடுவில் உட்கார்ந்து, நன்றாக அழுதேன். மூக்கைச் சிந்திவிட்டு மணிக்கட்டைப் பார்த்தேன். பதினான்கு.

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது.

மறுநாள் காலையில் ஹரிகேசவனை எலி அறைக்கு வரச் சொன்னேன். கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்களோடு வந்தார். ஒரு பக்கம் சின்னத்தாயியின் செழிப்புக் கூண்டு. பஞ்சு, சக்கரம், குடுவை, மேலே வாசனை டப்பா. இன்னொரு பக்கம் வெறுங்கூண்டு. உள்ளே ஓர் எலி, வேறு ஒரு மண்ணும் இல்லை. இரண்டையும் ஒரு குழாயால் இணைக்கச் சொல்லி, நடுவில் தகடு வைத்திருந்தேன்.

"இவளோட எண் எவ்வளவு ஹரி?"

"பதினெட்டு. அருமையா இருக்கா."

"புஷ்பம், தகட்டை எடு."

சின்னத்தாயி குழாயின் வாயில் வந்து மீசையை ஆட்டினாள். பின்வாங்கினாள். மறுபடி வந்தாள். பிறகு ஒரே ஓட்டமாக அந்தப் பக்கம் போய்விட்டாள். இரண்டும் மூக்கோடு மூக்கு வைத்து முகர்ந்தன.

"மேடம், எண் ஏறறது பாருங்கோ! முப்பது, முப்பத்தஞ்சு... பயப்படறா!"

"ஏறட்டும். திரும்பி வர்றாளான்னு மட்டும் பாருங்க."

நின்று பார்த்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவள் திரும்பி வந்தாள். ஹரிகேசவன் மூச்சு விட்டார். வந்தவள் சக்கரத்தைப் பார்க்கவில்லை, குடுவையைப் பார்க்கவில்லை. வாய் கொள்ளுமட்டும் பஞ்சைக் கவ்விக்கொண்டு மறுபடி வெறுங்கூண்டுக்கே ஓடினாள்.

"அட, உறை கொண்டு போறா பாருங்கம்மா!" என்று புஷ்பம் கை கொட்டினாள்.

மூன்று நான்கு தடவை வந்து பஞ்சை அள்ளிப் போனாள். பிறகு அந்த வெறுந்தரையில், கொண்டுபோன பஞ்சுக்கு நடுவே, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துவிட்டன. இந்தப் பக்கம் டப்பா ஆளில்லாத கூண்டுக்கு வாசனை ஊதிக்கொண்டிருந்தது.

"ஹரி, எலிக்கு எண் தெரியாது. கதவு திறந்திருக்கா, போகறதுக்கு ஒரு இடம் இருக்கா, அதுதான் அதுக்குத் தெரியும். உங்கம்மாவுக்குக் கதவைத் திறந்து விட்டா எங்க போவாங்க?"

அவர் ஒன்றன்மேல் ஒன்று கிடந்த எலிகளையே பார்த்தார். "எதிர்த்தாத்துக்கு" என்றார். "மாவடு ஊறிடுத்தான்னு கேக்கறதுக்கு. தினமும் அதையேதான் கேப்பா. மாமி விழுந்து விழுந்து சிரிப்பா."

"உங்க தனிக்கூடத்துக்கு எதிர்ல என்ன இருக்கு?"

"பார்க்கிங்" என்று சொல்லிவிட்டுக் காகிதங்களை மடக்கிக்கொண்டார்.

நான் கையெழுத்துப் போடவில்லை. வேறு ஊரிலிருந்து யாரையாவது கூட்டி வந்து வாங்கிக்கொள்வார்கள், எனக்குத் தெரியும். எண் அவர்கள் பக்கம் இருக்கிறது. ஹரிகேசவன் அன்று மதியமே லீவு சொல்லிவிட்டு ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினார். அம்மாவை அழைத்து வரவா, அங்கேயே தங்கவா என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். புஷ்பத்தின் வாசனை வரவேற்றது. ஃபிரிட்ஜைத் திறந்தேன். கட்டித் தயிர், பக்கத்தில் சின்ன மூடியில் உறைக்கென்று எடுத்து வைத்த ஒரு கரண்டி. இரண்டையும் தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டேன்.

"தயிர் நல்ல நிலையில்தான் இருந்தது" என்றது வீடு.

"தெரியும். வாயை மூடு."

கிண்ணத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு நடந்தேன். விடுதி நெருங்க நெருங்க மணிக்கட்டில் எண் ஏறிக்கொண்டே போனது. கதவைத் தட்டும்போது நாற்பத்தொன்று. என் எண் அவ்வளவு ஏறி நான் பார்த்ததில்லை.

புஷ்பம்தான் திறந்தாள். "என்னம்மா, உங்க ஃபிரிட்ஜுதான் இப்ப உறைய எடுத்துப் பத்திரமா வைக்குமாமே?"

"புளிச்சுப் போச்சு புஷ்பம்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஈரம் சொட்டிய கிண்ணத்தைப் பார்த்தாள். கட்டிலில் கிடந்த துணிகளை ஒதுக்கினாள்.

"எங்ககிட்டயும் இன்னிக்கு இல்லம்மா" என்றாள். "பக்கத்து ரூம்ல வாங்கியாரேன். அதுவரைக்கும் உக்காந்திருங்க."